சோளத்தோல் தோரணம்

மோர்னிங்சைட்
8 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை மங்கைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதை ஒருநாள் முன்கூட்டியே அறிவிக்கிறது. உன் காது எப்படி? தொலைபேசியில் நாம் கத்திக் கதைப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது என்று முறைப்பாடு வந்தபின், நமக்குக் கடிதம்தான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் முதியோர் குடியிருப்பின் கீழ்மண்டபத்தில் ஒக்டோபர் 31, வியாழக்கிழமை, ஹலோவீன் மதியச் சாப்பாடு. மேசை எட்டு. அலங்காரம் இம்முறை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொறுப்பு. சங்கத் தலைவி யோகமலர் ஊரில் தபால் அதிபராக இருந்தவர். கூட்டத்தில் என்னைக் காட்டி, "இரத்தினவேல் அண்ணை செய்வார். அவருக்குப் பொறுமையும் இருக்கு, வேலையும் இல்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுப்பதற்கு ஒரு நல்ல சொல்லை நான் தேடி எடுப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

நிபந்தனை ஒன்று: எதையும் வாங்கக்கூடாது. வெளியில் பொறுக்குவதும் வீட்டில் எறிவதும்தான் பொருள். நண்பர் கஸ்பர் கதவு கதவாகத் தட்டி நாற்பது முட்டைப் பெட்டி சேர்த்துத் தந்தார். மூன்று குழியாக வெட்டிக் கரி பூசினால் நடுக்குழி உடல், ஓரக்குழிகள் சிறகு, வௌவால் ஆகிவிடும். பைன் காயில் இரண்டு ஓக் காய்த் தொப்பியைக் கண்ணாக ஒட்டினால் ஆந்தை. ஊறுகாய்ப் போத்தலுக்குப் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, போன வருடத்துப் பற்றரி விளக்கை உள்ளே வைத்தால் துணி சுற்றிய பிரேதம்.

மேசை விளிம்புக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. சோளப்பொத்தி உரித்த தோல் பை பையாகக் கிடைக்கிறது. அதைக் குருத்தோலை மாதிரி மடித்துத் தோரணமாகக் கட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்த எனக்குக் கோடு தெரியும், ஓலை தெரியாது. நல்ல காரியத்துக்கு மடிப்பின் குருவித்தலை ஒரு பக்கம் பார்க்கும், செத்தவீட்டுக்கு மறுபக்கம் பார்க்கும் என்ற அளவுதான் நினைவில் இருக்கிறது. எதற்கு எந்தப் பக்கம் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. நல்ல காரியத்துக்கு உரியதை ஒரு படம் கீறி அனுப்புவாயா?

உன் மகள் துர்க்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
இரத்தினவேல்

*

எட்மன்டன்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு நானும் மகளும் நலம். காதுக் கருவி வந்துவிட்டது. அதைப் போட்டால் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் கேட்கிறது, மனிதர் கதைப்பது கேட்கவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

எண்பது வயதில் உங்களுக்கு வௌவால் வெட்டுகிற வேலை! "ஏலாது" என்ற ஒரு சொல்லைச் சொல்ல உங்களுக்கு எப்போதுதான் வாய் வரும்? அந்தத் தபால்காரி உங்கள் நெற்றியில் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறா.

படம் இதோடு இருக்கிறது. நல்ல காரியத்துக்குத் தலை கீழே பார்க்க வேண்டும். வருகிறவர்களைக் குனிந்து கும்பிடுகிற மாதிரி. செத்தவீட்டுக்கு மேலே பார்க்கும். போகிறவர் மேலேதானே போகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எது மேல்பக்கம் என்று கேட்டு நீங்கள் இன்னொரு கடிதம் போடுவீர்கள் என்று தெரிந்து, அம்புக்குறி போட்டு "மேல்" என்றும் எழுதியிருக்கிறேன்.

துர்க்காவின் கலியாணத்துக்கு இந்தக் கையால் அறுபது மடித்தேன். எட்மன்டனில் ஓலைக்கு எங்கே போவது? பச்சை ரிபனில் மடித்தேன். மண்டபத்து வாசலில் எவ்வளவு வடிவாக இருந்தது. கலியாணம் முடிந்த பதினோராம் மாதம் மருமகன் மிதுனனின் கார் ஐஸில் வழுக்கியது, ஆள் போய்விட்டார். கலியாண அல்பத்தை அவள் பிறகு தொடவில்லை. யாருடைய கண் பட்டதோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

சரி, மடித்து முடித்ததும் எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை
மங்கையற்கரசி

*

மோர்னிங்சைட்
13 ஒக்டோபர் 2024

அன்பு மங்கைக்கு,

உன் கடிதமும் படமும் பழுதில்லாமல் வந்தன. எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை. விரல் நுனி மட்டும் கரியாலும் பசையாலும் தடித்துப்போயிற்று.

படம் மிகத் தெளிவு. மேசைக்கு முன்னால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். உன் படத்தில் தலை கீழே, நான் மடிப்பதிலும் கீழே. ஒவ்வொரு பன்னிரண்டு முடிந்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சோளத்தோலை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால் துணி மாதிரி வளைகிறது. பத்து நிமிடம் என்றால் கீறுகிறது, முப்பது என்றால் மணக்கிறது. மூன்றையும் செய்து பார்த்தேன். காய்ந்தபின் வெளிர் பொன்னிறம். இன்றைக்குத் தொண்ணூற்றாறு முடிந்தது.

கஸ்பர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உந்த ஆந்தை என்னைப் பாக்கிற பார்வை என்ரை மனுசி பாக்கிற மாதிரி" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

யோகமலருக்கு நவம்பர் 4 திங்கட்கிழமை இருதயச் சத்திரசிகிச்சை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டத்தில் இரண்டு முறை ஒரே அறிவித்தலை வாசித்தார். மேசைகளைப் பார்த்து அவர் கொஞ்சம் சந்தோசப்பட்டால் எனக்குப் போதும்.

இப்படிக்கு உன் அண்ணன்
இரத்தினவேல்

*

மோர்னிங்சைட்
2 நவம்பர் 2024

அன்பு மங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு எட்டு மேசையும் தயார். விளிம்பு முழுக்கத் தோரணம். ஆறாம் மாடி ஜெசிகா, ஜமேக்காக்காரி, ஒவ்வொரு மேசையாகப் படம் எடுத்தார். மற்ற மாடிக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கடையில் வாங்கிய ஆளுயரப் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு ஒன்றை நடு மேசைக் கதிரையில் இருத்தி, ரப்பர் கை ஒன்றைச் சலாட் கோப்பைக்குள் செருகியிருந்தார்கள்.

யோகமலர் வந்தார். எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்தார். பிறகு மேசை விளிம்பைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இரத்தினவேல் அண்ணை, உங்களைத்தான். ஆர் செத்தது? திங்கக்கிழமை என்ரை நெஞ்சைப் பிளக்கப் போறாங்கள். அதுக்கு முதலே செத்தவீட்டுத் தோரணம் கட்டியாச்சோ?"

எங்கள் சங்கத்தார் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பார்த்த உடனே எழுந்தார்கள். நல்ல காரியத்துக்குத் தலை மேலே பார்க்க வேண்டுமாம். நான் கட்டியது கீழே. கஸ்பர் மட்டும், "பிள்ளை, இண்டைக்கு ஹலோவீன்தானே. பக்கத்திலை எலும்புக்கூடு இருக்கு" என்றார்.

"உது பிளாஸ்ரிக்! இது தோரணம்!"

ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்றாறையும் அறுத்துக் குப்பைப் பையில் போட்டார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலும்புக்கூட்டை யாரும் எழுப்பவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிழை என்னுடையதுதான். உன் படத்தை நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் போல. வயது. சங்கம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது. அதுவரை வியாழக்கிழமைச் சங்கக் கூட்டங்களுக்கு வரவேண்டாமாம். அது ஒன்றும் பெரிய விடயமில்லை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் வீட்டில்தானே.

நீ இதை மனதில் வைக்காதே.

அண்ணன்
இரத்தினவேல்

*

எட்மன்டன்
9 நவம்பர் 2024

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைக்கும்வரை சுகமாக இருந்தோம்.

எப்படி அண்ணை? அம்புக்குறி போட்டேன். "மேல்" என்று எழுதினேன். சின்ன வயதில் நான் தேசப்படம் கீறினால், வடக்கு எங்கே என்று கேட்டுத் தலையில் குட்டினவர் நீங்கள். நீங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்தீர்களா? நெஞ்சைப் பிளக்கப் போகிற ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் செத்தவீட்டுத் தோரணத்தைக் கட்டினீர்களா? எனக்கு அந்தத் தபால்காரியைப் பிடிக்காது. ஆனால் அவவின் இடத்தில் நான் இருந்திருந்தால் மேசையையே கவிழ்த்திருப்பேன்.

தலை மேலே என்று அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதும் உங்கள் குழப்பம்தான். என்ன நடந்தது என்று கூட உங்களால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. இப்படிப்பட்டவற்றில் விளையாடக்கூடாது. ஒரு உயிர் போனால் என்ன செய்வீர்கள்? உடனே மன்னிப்பு எழுதிக் கொடுங்கள்.

மங்கையற்கரசி

*

மின்னஞ்சல்
16 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? தபால்காரர்கள் நேற்று வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா உங்களைத் திட்டி எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டது நான்தான். "உன்ரை மாமா படம் பாக்கத் தெரியாத ஆளாகிட்டார்" என்று அம்மா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. கஸ்பர் அங்கிள் பேஸ்புக்கில் போட்டிருந்த மேசைப் படத்தைப் பார்த்தேன். எங்கேயோ கண்டதுபோல இருந்தது. அம்மா கடைக்குப் போன நேரம் என் கலியாண அல்பத்தைத் துடைத்துத் திறந்தேன்.

மாமா, எங்கள் மண்டபத்து வாசலில் இருந்ததும் அதுதான். பச்சை ரிபன், தலை கீழே, அறுபது.

இருநூறு பேர் வந்த கலியாணம். வயதானவர்கள் மட்டும் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. கண்டுவிட்டுத்தான் சொல்லவில்லையா, அல்லது மிதுனன் போனபிறகு தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களா? நான் தாதி. ரிபன் ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்படி இல்லை. தெரிந்தால், மருமகனைக் கொன்றது தன் கைதான் என்று சொல்லிக்கொண்டே மிச்சக் காலத்தையும் இருப்பா.

நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், மாமா. தயவுசெய்து.

துர்க்கா

*

மின்னஞ்சல்
17 நவம்பர் 2024

அன்புப் பிள்ளை துர்க்காவுக்கு,

உன் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. நான் ஒரு விரலால் தட்டுகிறேன், ஆறுதலாக வாசி.

உன் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ரிபன் பற்றி அவள் செப்டம்பரிலேயே எழுதியிருந்தாள். சங்கத்தார் தலை மேலே என்று சொன்ன அந்த நிமிடமே எனக்கு உன் வாசல் நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் பிழை என்னுடையது என்று எழுதினேன்.

ஆனால் உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். நான் படத்தைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு வரைபடத்தையும் நான் தலைகீழாகப் பிடித்ததில்லை. பதினான்காம் திகதி, "படத்தைத் தலைகீழாகப் பார்த்து ஏற்படுத்திய தவறுக்கு மன்னிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அதைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்: "உவர்தானோ காணி அளந்தவர்? அதுதான் ஊரிலை எல்லைச் சண்டை!" அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

யோகமலருக்குச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்துவிட்டது. அப்படியென்றால் தோரணத்துக்குச் சக்தி எதுவும் இல்லை என்பது உறுதியாகிறதே என்று கஸ்பரிடம் சொன்னேன். "அண்ணை, உதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தையலைப் பிரிச்சுக்கொண்டு வந்திடுவா" என்றார்.

எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள், பிள்ளை. என்னைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நானும் கேட்டுவிட்டேன். என்னோடுதான் எனக்கு அதிக கோபம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

*

மோர்னிங்சைட்
19 டிசம்பர் 2024

அன்பு மங்கைக்கு,

வேலைநிறுத்தம் முடிந்து நேற்றிலிருந்து தபாற்காரர் வருகிறார். நவம்பர் 9ஆம் திகதியிட்ட உன் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபாலில் சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி மன்னிப்புக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமைகளில் போய் வருகிறேன். எல்லாம் சுமுகம். இங்கே பனி கணுக்கால் வரை. உனக்கு மூட்டுவலி எப்படி?

அண்ணன்
இரத்தினவேல்

*

மோர்னிங்சைட்
4 ஜனவரி 2025

அன்பு மங்கைக்கு,

புதுவருட வாழ்த்து. உன் கடிதம் இன்னும் இல்லை. துர்க்காவைக் கேட்டால் "அம்மா சுகம்" என்று இரண்டு சொல் மட்டும் எழுதுகிறாள். நான் எழுதியதில் ஏதாவது உன் மனதை நோகச் செய்திருந்தால் சொல். என் கடிதங்களின் பிரதிகளை எடுத்து வாசித்துப் பார்த்தேன். எது என்று பிடிபடவில்லை.

அண்ணன்

*

எட்மன்டன்
14 ஜனவரி 2025, தைப்பொங்கல்

அண்ணை,

இங்கே மைனஸ் இருபத்தாறு. பானை அடுப்பில்தான் பொங்கியது. என் சுகத்தை விசாரித்திருந்தீர்கள். சுகமாக இருக்கவில்லை. இனி இருப்பேன்.

வேலைநிறுத்தம் எப்போது முடிந்தது என்று எனக்கும் தெரியும். எழுதாமல் இருந்தது நான்தான். அந்த நாட்களில் எப்படி இருந்தேன் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

உங்களைத் திட்டி எழுதிவிட்டுக் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் சோறு வடித்துக்கொண்டு நிற்கையில் யோசித்தேன்: அம்புக்குறி போட்ட படத்தை என் அண்ணை தலைகீழாகப் பிடிப்பாரா? செத்தாலும் பிடிக்கமாட்டார். அப்படியென்றால் பார்த்தவர் பார்த்தது சரி, கீறினவள் கீறியது பிழை. வடித்தது பாதியில் நிற்க, போய் அல்பத்தை எடுத்தேன். ஐந்து வருடம் திறக்காத அல்பத்தில் தூசியைக் காணவில்லை. எனக்கு முதலே யாரோ துடைத்துத் திறந்திருக்கிறார்கள். மாமனும் மருமகளும் சேர்ந்து எனக்குத் தொட்டில் கட்டி ஆட்டியிருக்கிறீர்கள் என்று அப்போது விளங்கியது.

மிதுனனின் கார் வழுக்கியது ஐஸில். பச்சை ரிபனில் இல்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. எழுதிவிட்டேன்.

ஏன் பிழையாகியது என்பதையும் சொல்கிறேன். ஊரில் கலியாணத்துக்கு மடிக்க வேறு ஆட்கள் வருவார்கள். நான் மடிக்கப் பழகியது தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குப் போனபிறகு. அங்கே இருந்த பதின்மூன்று வருடமும் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு மடித்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டையில் செத்த பெடியள், பெட்டையள். கை அந்த ஒன்றைத்தான் படித்தது. குனிகிறது, கும்பிடுகிறது என்ற விளக்கமெல்லாம் நானே பிறகு சேர்த்துக்கொண்டது.

அது இருக்கட்டும். இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். என் பிழைக்கு நீங்கள் யார் மன்னிப்புக் கேட்க? எழுபத்தைந்து வயதில் என் பிழையை என்னால் தூக்க முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் தூக்காததா? உங்களை நான் அவ்வளவு திட்டினேன், நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினீர்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு உங்கள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

போய் அந்தக் கடதாசியைத் திருப்பி வாங்குங்கள். மங்கையற்கரசி கீறினது என்று முழுப்பெயரையும் சொல்லுங்கள். அந்தத் தபால்காரிக்கு நெஞ்சு தைத்தாகிவிட்டதுதானே, தாங்குவா. துர்க்காவுக்கு ஏச்சை நேரிலேயே கொடுத்துவிட்டேன். அவள் அழுதுவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கோப்பை சாப்பிட்டாள்.

மங்கை

*

மோர்னிங்சைட்
24 ஜனவரி 2025

அன்பு மங்கைக்கு,

இனிச் சுகமாக இருப்பேன் என்று நீ எழுதியதை நம்புகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் நேற்று நூற்றெழுபது. காரணம் கீழே.

உன் கடிதம் செவ்வாய் வந்தது. புதன் முழுவதும், என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு வரைவு. வியாழன் அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பதினான்கு பேர் இருந்தார்கள். யோகமலர் மெலிந்துபோய், ஆனால் பழைய குரலோடு தலைமைக் கதிரையில் இருந்தார். எழுந்து நின்றதும் வரைவு நான்கும் எந்தப் பையில் என்று மறந்துவிட்டது.

"நான் எழுதித் தந்த மன்னிப்பைத் திருப்பித் தாங்கோ" என்றேன்.

"என்னது?"

"மன்னிப்பு. நவம்பர் பதினாலாம் திகதியது. திருப்பித் தாங்கோ."

"அண்ணை, மன்னிப்பை ஆரும் திருப்பிக் கேப்பினமோ? அது ஃபைலிலை போட்டாச்சு."

"நான் கேக்கிறன்." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "தோரணம் பிழை. உங்களுக்கு மனம் நொந்தது. அதுக்கு எனக்கு இப்பவும் வருத்தம்தான். ஆனா நான் படத்தைத் தலைகீழாப் பிடிக்கேல்லை. அதிலை எழுதியிருக்கிறது பொய். படம் என்ரை தங்கச்சி மங்கையற்கரசி கீறினது. தொண்ணூற்றைஞ்சிலை இருந்து பதின்மூண்டு வருசம் கிளிநொச்சியிலை அவ மடிச்சது முழுக்கச் செத்தவீட்டுக்கு. அவவின்ரை கைக்கு வேறை தெரியாது. இனிச் சிரிக்கிறவை சிரிக்கலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகமலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றார், மெதுவாக.

"அண்டைக்கு நீங்கள் கேட்டது ஆர் செத்தது எண்டு. ஏன் இப்பிடி வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் ஃபைலைத் திறந்து, துளை கிழியாமல் கடதாசியைக் கழற்றி, எழுந்து வந்து என் கையில் தந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "இருங்கோ அண்ணை, ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நான் இருக்கவில்லை. கஸ்பர் கதவு வரை வந்து, "அண்ணை, உங்களுக்கு இப்பிடியும் கதைக்கத் தெரியுமோ?" என்றார். தெரியாது என்றேன். அது உண்மை. லிப்டுக்குள் வந்தபிறகு எண்ணைப் பார்க்காமல் நின்றதில் நான்கு மாடி தாண்டிப் போய்விட்டேன்.

கடதாசி இதோடு இருக்கிறது. உன் பிழைக்கு நான் எழுதியது, ஆகவே நீதான் கிழிக்க வேண்டும்.

அடுத்த வியாழன் போவேனா என்று கேட்பாய். கூப்பிட்டால் போவேன் என்று முதலில் எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். யன்னலோரத்தில் இரண்டாவது கதிரை. ஏழு வருடமாக நான் இருக்கிற கதிரை அது.

உன் அண்ணன்
இரத்தினவேல்